எதிரே இருப்பவர் என்ன டைப் அடிக்கிறார்?

கேட்டவரின் நிலைமை இது. ஓஎம்ஆரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் மூன்று வருட அனுபவம். அமேசானிலிருந்து எஸ்டிஇ-2 (இரண்டாம் நிலை மென்பொருள் எஞ்சினியர்) வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது, மூன்று வாரம் கையில் இருக்கிறது. ஏற்கெனவே போய்வந்தவர்கள் எழுதியதை நாற்பது ஐம்பது படித்துவிட்டார். ஒருவர் "ரெண்டு கணக்கையும் போட்டேன், ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்கிறார். இன்னொருவர் "ஒண்ணைப் பாதிதான் போட்டேன், ஆஃபர் வந்துச்சு" என்கிறார். இதில் எதை நம்புவது, எல்லாம் அதிர்ஷ்டம்தானா, ரெஃபரல் (உள்ளே வேலை பார்ப்பவரின் சிபாரிசு) இருந்தால் உதவுமா என்பது கேள்வி.

இரண்டு பேரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தங்களுக்கு என்ன நடந்தது என்பது இருவருக்குமே முழுதாகத் தெரியாது. இன்டர்வியூ முடிந்து வெளியே வருகிறவர் கையில் இருப்பது கேள்வித்தாள். விடைத்தாள் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை எழுதியவரும் எதிரே உட்கார்ந்திருந்தவர்தான்.

நான் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். அமேசானில் வேலை பார்த்ததில்லை. வேறொரு பெரிய கம்பெனியில் சில வருடம் வாரத்துக்கு இரண்டு இன்டர்வியூ எடுத்துக்கொண்டிருந்தேன். வீடியோ இன்டர்வியூ கொடுத்தவர்கள் அடிக்கடி ஒரு குறை சொல்வார்கள்: "நான் பேசிக்கிட்டே இருக்கேன், அந்த ஆளு டொக்கு டொக்குனு எதையோ தட்டிக்கிட்டே இருந்தாரு, என்னைக் கவனிக்கவே இல்ல." பெரும்பாலும் அவர் தட்டிக்கொண்டிருந்தது நீங்கள் பேசியதைத்தான். நான் நேரத்தோடு சேர்த்து எழுதுவேன். "10:14, கிரிட் காலியாக இருந்தால் என்ன என்று அவராகவே கேட்டார். 10:21, வேகம் போதாது என்று சொல்லிவிட்டு வழியை மாற்றினார். 10:33, நான் துப்புக் கொடுத்த பிறகே பிழை தெரிந்தது." அன்று மாலையோ மறுநாளோ இந்தக் குறிப்பை விரித்து எழுதி, எடுக்கலாமா கூடாதா என்று ஒரு வாக்கும் போட வேண்டும். அதன் பிறகு உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம் மட்டும்தான். சத்தம் கேட்டால் சந்தோஷப்படுங்கள். முக்கால் மணி நேரம் சத்தமே வராவிட்டால் எழுத எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

அமேசானின் முறை ரகசியமானதல்ல. உள்ளே இருந்தவர்களே விரிவாக எழுதியிருக்கிறார்கள். முதலில் ஆன்லைன் தேர்வு: வழக்கமாக இரண்டு கோடிங் கணக்கு, கூடவே வேலைச் சூழலில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதைப் பார்க்கும் கேள்விகள். அதைத் தாண்டினால் "லூப்". நான்கைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். எஸ்டிஇ-2 என்றால் அதில் சிஸ்டம் டிசைனும், அதாவது ஒரு பெரிய மென்பொருளை எப்படி அமைப்பீர்கள் என்ற கேள்வியும், இருக்கும். ஒவ்வொரு ரவுண்டிலும் கணிசமான நேரம் கோடே கிடையாது, "லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ்" கேள்விகள்தான். 14 ஆக இருந்த இந்தக் கொள்கைகள் 2021 ஜூலையில் 16 ஆயின. கேட்பவர்களுக்குள் இவற்றை முன்கூட்டியே பங்கு பிரித்திருப்பார்கள். ஒருவருக்கு ஓனர்ஷிப் (பொறுப்பேற்பது), இன்னொருவருக்கு டைவ் டீப் (ஆழமாகத் துருவுவது) என்று. ஐந்து பேரும் ஒரே மாதிரிக் கதை கேட்பதுபோல் உங்களுக்குத் தோன்றும். அவர்கள் நிரப்புவது ஐந்து வெவ்வேறு கட்டங்களை.

முதலில் கோடிங்கைப் பார்ப்போம், "ரெண்டும் போட்டேன், ரிஜெக்ட்" என்ற புலம்பல் பிறப்பது அங்கேதான். அமேசான் என்றாலே பேச்சில் வருகிற ஒரு கணக்கு, அழுகும் ஆரஞ்சு. கட்டம் கட்டமாக ஒரு பெட்டி. சில கட்டம் காலி, சிலவற்றில் நல்ல பழம், சிலவற்றில் அழுகியது. ஒவ்வொரு நிமிடமும் அழுகிய பழம் தன் மேல், கீழ், இடம், வலம் இருக்கும் நல்ல பழத்தையும் அழுக வைக்கும். எல்லாம் அழுக எத்தனை நிமிடம்?

ஒருவர் வருகிறார். கேள்வியைப் படித்ததும் முகம் மலர்கிறது. பேச்சே இல்லை. பன்னிரண்டு நிமிடத்தில் கியூ (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை) வைத்து பிஎஃப்எஸ், அதாவது அடுக்கடுக்காகப் பரவித் தேடும் முறையை, எழுதி முடித்துவிடுகிறார், கோடு பழுதில்லாமல் ஓடுகிறது. நான் கேட்கிறேன்: "மூலைவிட்டமாகவும் பரவும், ஆனால் அதற்கு இரண்டு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது?" அவர் திசைகளின் பட்டியலில் நான்கை எட்டாக்கிவிட்டு "முடிஞ்சது" என்கிறார். முடியவில்லை. எல்லா நகர்வுக்கும் ஒரே செலவு என்பதால்தான் சாதாரண கியூவில் முதலில் நுழைந்தது முதலில் அழுகும் என்ற வரிசை நின்றது. செலவு ஒன்றும் இரண்டுமாகக் கலந்தால் அந்த வரிசை குலைந்துவிடும். வரிசையைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும். உதாரணமாக, குறைந்த நேரம் உள்ளதை முதலில் எடுக்கும் ப்ரையாரிட்டி கியூ, அதாவது டைக்ஸ்ட்ரா அல்காரிதம். ஏன் கியூ வைத்தார் என்பது அவருக்குத் தெரியவில்லை, வைக்க வேண்டும் என்பதுதான் தெரிந்திருந்தது. என் குறிப்பு: "விடை நினைவிலிருந்து வந்தது. கேள்வி மாறியபோது காரணத்துக்குத் திரும்பவில்லை." வாக்கு, வேண்டாம்.

அடுத்து வருகிறவர் இந்தக் கணக்கைப் பார்த்ததே இல்லை. நல்ல பழமே இல்லையென்றால் விடை பூஜ்யமா, தனியாக மூலையில் ஒரு பழம் மாட்டிக்கொண்டு அழுகவே முடியாமல் போனால் என்ன சொல்வது என்று முதலில் கேட்டுக்கொள்கிறார். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை கட்டம் முழுவதையும் சுற்றிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்துத் தானே நிறுத்துகிறார். "ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டம்னா பத்து லட்சம். பழம் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருந்தா அஞ்சு லட்சம் நிமிஷம் ஆகலாம். பெருக்கினா அம்பதாயிரம் கோடி. ஆகாது சார்." அப்புறம், "மாறுறது ஓரத்துல இருக்கற பழம் மட்டும்தானே, அதை மட்டும் வெச்சுக்கிட்டா போதும்" என்று கியூவுக்கு வருகிறார், அழுகிய பழங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளே போட்டு ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் பிடித்துவிடுகிறார். நிமிடத்தை எண்ணும் வரி எழுதுமுன் நேரம் முடிந்துவிட்டது. வாக்கு, எடுக்கலாம். அவர் வீட்டுக்குப் போய் "பாதிதான் போட்டேன்" என்று சொல்லியிருப்பார்.

எழுதி முடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். ஓடுகிற கோடு வேண்டும், குறிப்பாக ஆன்லைன் தேர்வில். அங்கே உங்கள் யோசனையைக் கேட்க ஆள் இல்லை, டெஸ்ட் கேஸ்தான் இருக்கிறது. லீட்கோடு என்ற பயிற்சித் தளத்தில் கணக்குப் போட்ட பழக்கம் உங்களை வாசல் வரைக்கும் நிச்சயம் கொண்டுபோகும்.

இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிற இடத்துக்கு வருகிறேன். அது கோடிங் இல்லை, "நான்" என்ற சொல். "நாங்க மைக்ரேட் பண்ணோம், நாங்க டவுன்டைமைக் குறைச்சோம், டீம் நல்லா வேலை பாத்துச்சு." பத்து நிமிடம் கேட்டாலும் உங்களைக் காணோம். நாம் வளர்ந்த வீட்டில் நான் நான் என்று பேசுகிறவனைத் தற்பெருமைக்காரன் என்பார்கள். அலுவலகத்திலும் அப்படியே, நடந்ததற்குப் பெயர் "டீம் எஃபர்ட்". அந்த நாகரிகம் வீட்டில் நல்லது. இன்டர்வியூவில் அது எதிரே இருப்பவரின் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. அவர் உங்களுக்கு வாக்குப் போட நினைத்தாலும், எதை ஆதாரமாக எழுதுவார்? "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டால் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் பேனாவோடு காத்திருக்கிறார்.

இன்னொன்று, "மேனேஜரோடு கருத்து வேறுபட்ட சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள்." ஹேவ் பேக்போன், டிஸ்அக்ரீ அண்ட் கமிட் (துணிந்து மறுத்துப் பேசு, முடிவானபின் முழுமனதோடு இறங்கு) என்ற கொள்கையிலிருந்து வருவது. "அப்படி எதுவும் நடந்ததில்ல சார், என் மேனேஜர் ரொம்ப நல்லவர்" என்று நல்ல பிள்ளையாகப் பதில் சொல்கிறவர்கள் ஏராளம். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட "இந்த ரிலீஸ் வெள்ளிக்கிழமை வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதில்லையா? சொல்லியிருப்பீர்கள். அதுதான் கதை. எந்த ஆதாரத்தைக் காட்டி வேண்டாம் என்றீர்கள், அவர் கேட்டாரா, கேட்காமல் போடச் சொன்னபோது முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினீர்களா அல்லது இறங்கி வேலை பார்த்தீர்களா, கடைசியில் யார் சொன்னது சரியானது. நீங்கள் சொன்னது தப்பாகப் போயிருந்தாலும் கதை கெடாது. சொல்லப்போனால் அப்படிப்பட்ட கதைக்குத்தான் கூடுதல் மதிப்பு. ஏனென்றால் அதை யாரும் இட்டுக்கட்டிச் சொல்வதில்லை.

ஸ்டார் முறை என்று சொல்லிக்கொடுப்பார்கள்: சூழ்நிலை, பணி, செய்தது, விளைவு. முறை சரிதான். ஆனால் பாதிப் பேர் சூழ்நிலையிலேயே ஆறு நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள், கிளையன்ட் யார், ப்ராஜெக்ட் எப்போது ஆரம்பித்தது என்று தலபுராணம்போல. இரண்டு வாக்கியம் போதும். பொய்க் கதையோ மூன்றாவது துணைக்கேள்வியில் உடைந்துவிடும். "அந்த லாகில் சரியாக என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பார்த்தவனுக்கு மட்டும்தான் பதில் தெரியும்.

அந்த ஐவரில் ஒருவர் "பார் ரைசர்". 1999-இல் அமேசான் கொண்டுவந்த ஏற்பாடு. ஆள் தேவைப்படும் டீமுக்குச் சம்பந்தமில்லாதவராக, அதற்கென்று பயிற்சி பெற்றவராக இருப்பார். இடம் காலியாக இருக்கிறதே, யாராவது கிடைத்தால் போதும் என்ற அவசரம் டீம் மேனேஜருக்கு இருக்கும், இவருக்கு இருக்காது. மேனேஜர் வேண்டும் என்றாலும் இவர் வேண்டாம் என்று தடுக்கலாம். யார் பார் ரைசர் என்று கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது, "ரொம்ப முறைச்சவர்தான்" என்று சொல்வார்கள். அந்த ஆராய்ச்சியில் பயனில்லை. பயனுள்ள செய்தி வேறு. எல்லாரும் தங்கள் குறிப்பையும் வாக்கையும் எழுதி முடிக்கும்வரை மற்றவர் எழுதியதைப் பார்க்க முடியாது. வாக்கும் நான்கே வகைதான்: கண்டிப்பாக எடுக்கலாம், எடுக்கலாம், வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். "தெரியவில்லை" என்று நடுவில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தக் குறிப்புகளைப் படித்துப் பேசுவார்கள். அதனால் ஒரு ரவுண்டு சொதப்பினால் எல்லாம் போயிற்று என்று அடுத்த ரவுண்டுக்கு வாடிய முகத்தோடு போகாதீர்கள். அடுத்து வருகிறவருக்கு முன்னவர் என்ன எழுதினார் என்பது தெரியாது.

கூகுளில் கதை கொஞ்சம் வேறு. உங்களை நேரில் பார்த்தவர்கள் முடிவெடுப்பதில்லை. குறிப்புகள் ஒரு ஹயரிங் கமிட்டிக்குப் போகும், உங்கள் முகத்தையே பார்க்காதவர்கள் அதைப் படித்துத் தீர்மானிப்பார்கள். காகிதத்தின் கனம் அங்கே இன்னும் அதிகம். அங்கே ஒருகாலத்தில் பத்துப் பன்னிரண்டு இன்டர்வியூகூட நடந்தன. பிறகு தங்கள் பழைய கணக்கை எடுத்துப் பார்த்ததில், நான்கு பேர் பார்த்தாலே எடுக்கலாமா கூடாதா என்பது 86 சதவீத நிச்சயத்தோடு தெரிந்துவிடுகிறது, அதற்கு மேல் ஒவ்வொருவரும் சேர்ப்பது ஒரு சதவீதம்தான் என்று கண்டார்கள். ஒரு விமானத்தில் எத்தனை கால்ஃப் பந்து கொள்ளும் என்பது மாதிரியான விடுகதைக் கேள்விகளால் ஒரு பயனும் இல்லை என்று 2013-இல் அங்கே மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் வெளிப்படையாகவே சொன்னார். நீங்கள் கேட்ட அதிர்ஷ்டம் எங்கே குடியிருக்கிறது என்றால், அந்த மீதிப் பதினான்கில்.

அந்தப் பதினான்கில் பெரிய ஆட்களும் மாட்டியிருக்கிறார்கள். மேக் கணினியில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹவல் 2015-இல், கூகுள் எஞ்சினியர்களில் 90 சதவீதம் பேர் தன் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பலகையில் பைனரி ட்ரீ என்ற தரவு அமைப்பைத் தலைகீழாக்கத் தெரியாததால் தன்னை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று கொதித்து எழுதினார். உலகமே அவர் பக்கம் நின்றது. எனக்கு அவர் மேல் அனுதாபம் உண்டு. ஆனாலும் அந்த அறையில் குறிப்பு எழுதியவர் என்ன எழுதினார் என்பது நமக்குத் தெரியாது. மறுபக்கம், சுந்தர் பிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று கூகுளுக்கு இன்டர்வியூ போனார், ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு. ஜிமெயில் அறிவிக்கப்பட்ட நாள் அது. ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், இவரோ அதை ஏப்ரல் ஃபூல் வேடிக்கை என்று நினைத்திருந்தார். நான்காவதாக வந்தவர்தான் பார்த்தீர்களா என்று கேட்டு, இல்லை என்றதும் திறந்து காட்டினார். ஐந்தாமவர் கேட்டபோது இவரால் பதில் சொல்ல முடிந்தது. காட்டாமலே போயிருந்தால்?

நம் பக்கத்திலேயே இன்னொரு பெரிய கம்பெனியைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ஜோஹோ. லீட்கோடில் ஐநூறு கணக்கு போட்டவர்கள் அங்கே மூன்றாவது ரவுண்டில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் ரவுண்டு பேப்பரும் பேனாவும், சி நிரலின் அவுட்புட் என்ன என்று. இரண்டாவதில் சிறு நிரல்கள். மூன்றாவதில் ஒரு முழு அப்ளிகேஷன் எழுத வேண்டும். எல்லாரும் அறிந்த கால் டாக்சி கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏ முதல் எஃப் வரை ஒரே நேர்கோட்டில் ஆறு இடம், அடுத்தடுத்த இடத்துக்கு 15 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். முதல் 5 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், மேலே கிலோமீட்டருக்கு 10. அருகில் இருக்கும் டாக்சியை அனுப்ப வேண்டும், ஒரே தூரத்தில் இரண்டு இருந்தால் குறைவாகச் சம்பாதித்ததை. ஏ-யிலிருந்து சி-க்கு 350 ரூபாய் என்பதை யாரும் போட்டுவிடுவார்கள். ஒன்பது மணிக்குக் கிளம்பிய டாக்சி பத்தரைக்கு அழைப்பு வரும்போது எங்கே இருக்கிறது, அது காலியா என்பதை எந்த இடத்தில் சேமித்து வைப்பது என்பதில்தான் ஆள் தெரியும். இதற்கு அல்காரிதம் பெயர் எதுவும் இல்லை. நிரலை கிளாஸ்களாகப் பிரிக்கத் தெரிய வேண்டும், புது விதி ஒன்றைச் சொன்னால் பழையதை இடிக்காமல் சேர்க்கத் தெரிய வேண்டும். ஒரு கம்பெனிக்குப் போனவரின் அனுபவத்தை இன்னொன்றுக்குத் தயாராகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி.

இனி என் கதை. நான் முதன்முதலில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனபோது கோடு சரியாக எழுதினேன், ஆனால் இருபது நிமிடம் வாயைத் திறக்கவில்லை. தமிழ்வழியில் படித்தவன். மண்டைக்குள் யோசனை தமிழில் ஓடும், அதை ஆங்கிலமாக்கிச் சொல்வதற்குள் அடுத்த யோசனை வந்துவிடும், எனவே பேசாமல் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். வேண்டாம் என்றார்கள், காரணம் சொல்லவில்லை. ஆங்கிலம் பேசுகிறவனுக்குத்தான் வேலை என்று பல மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். நானே குறிப்பு எழுத உட்கார்ந்த பிறகுதான் அந்த எதிர்ப்பக்கத்து மனிதரின் சங்கடம் புரிந்தது: அந்த இருபது நிமிடத்துக்கு எதிரே அவர் என்னதான் எழுதியிருக்க முடியும்? ஆனால் என் கோபத்தில் பாதி நியாயம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். மௌனத்தை அறியாமை என்று படிக்கிற இந்த முறை, அரசுக் கல்லூரியிலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்கும் கான்வென்ட்டில் படித்தவருக்கும் ஒரே பரீட்சை வைப்பதாகச் சொல்வது பொய். நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பேசாமல் எழுதிய ஒருவரை வேண்டாம் என்று வாக்களித்துவிட்டு, இரவு அவர் கோடைத் திரும்பப் படித்தபோது என் கேள்விக்கான பதில் அதில் ஒரு கமென்ட்டாக இருந்தது.

அதற்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர வேண்டாம். ஆரஞ்சுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஐ வில் கீப் கவுண்ட் ஆஃப் ஃப்ரெஷ் ஒன்ஸ், வென் ஜீரோ ஐ வில் ஸ்டாப்." இவ்வளவுதான் வேண்டும். இலக்கணத்தை யாரும் குறித்துக்கொள்வதில்லை. தினம் ஒரு கணக்கை எடுத்து, செல்போனில் பதிவு செய்தபடி வாய்விட்டுப் பேசிக்கொண்டே எழுதுங்கள். முதல் நாள் கேட்கவே கூச்சமாக இருக்கும். பத்தாவது நாளில் கேட்டால், எந்த இடத்தில் மௌனமாகிறீர்கள் என்று நீங்களே பிடித்துவிடுவீர்கள். இப்போது பக்கத்துத் திரையில் ஏஐ வைத்துக்கொண்டு பதில் சொல்கிறவர்கள் பெருகிவிட்டதால், நேரில் ஒரு ரவுண்டாவது வைக்கப்போவதாகச் சுந்தர் பிச்சையே 2025-இல் சொன்னார். தடுமாறி, திருத்தி, வழி மாற்றிப் பேசுகிற மனிதக் குரலுக்கு மதிப்புக் கூடியிருக்கிற காலம் இது.

மற்றவர்கள் எழுதிய அனுபவங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எத்தனை ரவுண்டு, எவ்வளவு நேரம், டிசைன் ரவுண்டு உண்டா, ஆஃபரில் லெவலைக் குறைத்தார்களா என்ற செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி என்ன என்பதைவிட, "அதற்குப் பிறகு அவர் இப்படிக் கேட்டார்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடிக்கோடிடுங்கள். ஏன் ரிஜெக்ட் ஆனேன் என்று அவர் கண்டுபிடித்து எழுதுகிற பத்தியைத் தாண்டிவிடுங்கள். கம்பெனிகள் காரணம் சொல்வதில்லை, எனவே அது ஊகம். உங்கள் மூன்று வாரத்தில் பாதியை இதுவரை செய்த வேலையிலிருந்து ஏழெட்டுச் சம்பவங்களைத் "நான்" என்று தொடங்கி எழுதுவதற்குக் கொடுத்துவிடுங்கள். எஸ்டிஇ-2 என்பது அமேசானின் நிலை வரிசையில் எல்-5, மூன்று வருடக்காரருக்கு எட்டிப்பிடிக்கும் உயரம்தான், ஆனால் கதையில் கனம் இல்லாவிட்டால் ஒரு படி கீழே எல்-4-க்கு இறக்கி ஆஃபர் கொடுக்கலாம். அது தோல்வியில்லை, இருந்தாலும் ஒப்புக்கொள்வீர்களா என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போன் வந்த பிறகு யோசிக்க அதிக நேரம் கிடைக்காமல் போகலாம்.

ரெஃபரலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ரெக்ரூட்டர் உங்கள் ரெஸ்யூமைத் திறந்து பார்க்க வைக்கும். உங்களுக்கு அழைப்பே வந்துவிட்டது, எனவே அதன் வேலை முடிந்தது. உள்ளே இருக்கிற நண்பரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சிபாரிசு கேட்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உங்களை இன்டர்வியூ எடுத்து, தான் எழுதிய குறிப்பை அப்படியே காட்டச் சொல்லுங்கள்.